அப்பா வார்த்த சிறுநீரகம்

எங்கள் ஊரில் ரிங்கிட் பணத்தையும் வெள்ளி என்றுதான் சொல்வோம். அதனால், ஓய்வு நேரத்தில் உன் அப்பா என்ன செய்வார் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டு, "வெள்ளி உருக்குவார்" என்று நான் பதில் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கள்ளப் பணம் செய்கிற குடும்பம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, மாலையில் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் மெல்ல விசாரித்தார். அம்மா சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தார். "நெசமான வெள்ளிதான் டீச்சர். அறுந்த கொலுசு, பழைய மோதிரம், அந்த மாதிரி. அவருக்கு அது ஒரு கிறுக்கு," என்று சொல்லிவிட்டு என் புத்தகப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்தக் கிறுக்கு அப்பாவை எப்போது பிடித்தது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. இரவு வேலை முடிந்து காலையில் வருகிறவர் படுத்தால் தூக்கம் வராது. கைப்பேசியில் எதையாவது பார்த்துக்கொண்டு கிடப்பார். அப்படிப் பார்த்ததில் எங்கோ ஒரு வெள்ளைக்காரர் தன் கார் கொட்டகையில் வெள்ளியை உருக்கி மோதிரம் வார்க்கிற படம் வந்து மாட்டியது. அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் விற்கிற பாசாருக்குப் போய், யாருக்கும் வேண்டாத வெள்ளித் துண்டுகளை வாங்கிவர ஆரம்பித்தார்.

ஜெலுத்தோங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்தை ஒட்டி ஓர் ஆள் உட்காருகிற இடம் இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு, கெட்டியான மண் கிண்ணத்தில் வெள்ளித் துண்டுகளைப் போட்டு, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நீல நெருப்பை அதன் மேல் பிடிப்பார். துண்டுகள் முதலில் கறுக்கும். பிறகு சிவக்கும். ஒரு சிட்டிகை வெங்காரத்தூளைத் தூவியதும் ஒன்றோடொன்று சாய்ந்து, ஒட்டி, திடீரென்று உருண்டு திரண்டு கண்ணாடி போல மின்னும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் அத்தனை பாடுபட்டார் என்று நினைக்கிறேன். வார்த்து எடுத்த பொருள்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாதவை. யார் விரலிலும் ஏறாத தடித்த மோதிரம், மூன்று சக்கரம் மட்டும் வந்த கார், எனக்காக ஒரு மீன். மீனுக்கு வால் கொஞ்சம் கோணல். நான் அதைப் பென்சில் பெட்டியில் வைத்திருந்தேன்.

அந்த வருடம்தான் அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மாமா சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டியவர். சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேல் மாடி அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமலே விட்டு, கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் விழுந்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று சொன்னார்கள். ஒரு பையோடு வந்தார். முன்னறை அவருக்கு ஆயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் கழுவப் போக வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் வழியில் கொண்டுபோய் விடுவார். தூங்காத கண்ணோடு அப்பா போய்க் கூட்டி வருவார். வந்ததும் மாமா அப்படியே சுருண்டு படுத்துவிடுவார். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அல்லது தூங்க முடியாமல் இருந்தார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்தே வளர்ந்தேன்.

ஆனாலும் எனக்கு மாமாவைப் பிடிக்கும். ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஓர் அறுவை செய்திருந்தார்கள். அந்த இடம் புடைத்திருக்கும். விரலை வைத்தால் விர்ரென்று அதிரும். "காத வச்சுக் கேளு பாப்பா, உள்ள ஒரு பூனை படுத்துருக்கு," என்பார். கேட்டால் உண்மையிலேயே பூனை உறுமுவது போலத்தான் இருக்கும். என் தோழிகளுக்கெல்லாம் அவர் கையைக் காட்டியிருக்கிறேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஓர் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார்.

"டாக்டர் போன் பண்ணாங்க. மேட்ச் ஆயிருச்சு."

எனக்குத் தெரிந்த மேட்ச் காற்பந்து மட்டும்தான். யார் ஜெயித்தது என்று கேட்க வாயெடுத்தேன். மாமா தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்தார்.

"சரி," என்றார்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான்லா. நீ முடிவு பண்ணிட்டல்ல."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அம்மா தன்னுடைய ஒரு சிறுநீரகத்தை மாமாவுக்குக் கொடுக்கப் போகிறார், கோலாலம்பூரில் ஆபரேஷன், என்று அதற்குப் பிறகு சிறுகச் சிறுக எனக்குப் புரிந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, மனுஷனுக்கு ஒன்றே போதும், என்று அம்மா எனக்கு விளக்கினார். போதும் என்றால் ஏன் இரண்டு இருக்கிறது என்று கேட்டேன். "அதான் இப்ப தெரியுதுல்ல," என்று சொல்லிவிட்டு அம்மா துணி மடிக்கப் போய்விட்டார்.

அப்பா சாமி கும்பிடுகிறவர் இல்லை. தைப்பூசத்துக்குக்கூட அம்மாவும் நானும்தான் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவோம். அப்படிப்பட்டவர் அந்த வாரம் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனார். வேண்டுதலுக்காக உண்டியலில் போடுகிற வெள்ளித் தகட்டு உருக்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன.

"என்னண்ணே வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். "கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு. தொட்டில்ல கெடக்குற புள்ள இருக்கு. வீடுகூட இருக்கு."

"கிட்னி இருக்கா?"

கடைக்காரர் ஒரு நிமிடம் உண்மையாகவே பெட்டிக்குள் தேடினார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லண்ணே," என்றார் வருத்தத்தோடு. பிறகு முகம் தெளிந்து, புடவை கட்டிய ஒரு பெண் உருவத்தை எடுத்து வைத்தார். "முழு ஆளா வாங்கிக்குங்க. எல்லாம் உள்ளுக்குள்ளதானே இருக்கு?"

அப்பா அந்தத் தகட்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். "இல்லண்ணே. எதுக்குன்னு சாமிக்குத் தெளிவா தெரியணும்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் குருவி விற்கிற கடையில் நின்று, கூண்டுகளில் தொங்கவிடுகிற கணவாய் மீனின் ஓடுகள் சிலவற்றை வாங்கினார். குருவிகள் அலகைத் தீட்டிக்கொள்கிற அந்த வெள்ளை ஓடு நகத்தால் கீறினாலே உள்வாங்கும். அதில் ஓர் உருவத்தைக் குடைந்து, இரண்டு ஓடுகளைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, மேலே ஒரு வாய் விட்டு, உருக்கிய வெள்ளியை ஊற்றினால் உருவம் கிடைக்கும் என்று அப்பா கற்று வைத்திருந்தார். ஓர் ஓடு ஒருமுறைக்குத்தான். வெள்ளி பட்டதும் கருகிவிடும். அப்போது எழும் நாற்றத்தைச் சொல்லி முடியாது. முடியைச் சுட்டு, அதன் மேல் கருவாட்டையும் சுட்டது போல இருக்கும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சன்னல்களைப் படபடவென்று சாத்துவார்.

அப்பா முதலில் குளியல் சோப்பில் சிறுநீரகம் செதுக்கிப் பழகினார். என் உள்ளங்கையில் பாதி அளவு. கைப்பேசியில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இரவு வேலை முடிந்து வந்த சிவந்த கண்களோடு, சோப்பைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார்.

"முந்திரிப்பருப்பு மாதிரி இருக்குப்பா," என்றேன்.

"அப்படித்தாம்மா இருக்கும்."

முதல் ஊற்றில் பாதிதான் நிரம்பியது. வெள்ளி வழியிலேயே ஆறி நின்றுவிட்டது. அடுத்த தடவை நடுவில் ஓட்டை விழுந்தது. அதற்கடுத்த தடவை ஓட்டில் எங்கோ ஈரம் இருந்திருக்க வேண்டும். வெள்ளி சீறித் தெறித்து அப்பாவின் முழங்கையில் ஒரு துளி விழுந்தது. அம்மா பற்பசை கொண்டுவந்து தடவிக்கொண்டே, "ஏங்க, கொஞ்சம் படுத்துத் தூங்குங்க. கேக்குற சாமி சும்மா கேட்டாலும் கேக்கும்," என்றார். அப்பா தெறித்த துணுக்குகளைத் தரையிலிருந்து நகத்தால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி போதவில்லை என்று மோதிரமும் காரும் கிண்ணத்துக்குள் போயின. அப்புறமும் போதவில்லை. அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அந்த மீனைக் குடுக்கிறியாம்மா? அம்மாவுக்காக," என்று கேட்டார். கொடுத்தேன். அது உருகுவதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்னறையில் மாமாவின் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா என் தலையில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அந்த முறை சரியாக வந்தது. ஓட்டைப் பிரித்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். புளித் தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. கணவாய் ஓட்டின் வரிகள் அப்படியே வெள்ளியின் மேல் பதிந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல நெளிந்து நெளிந்து ஓடின. அப்பா அதுவரை வார்த்ததிலேயே உருப்படியான பொருள் அது ஒன்றுதான். அம்மா வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அதை வாங்கிப் பார்த்தார்.

"எனக்குள்ள இருக்குறது இவ்வளவு அழகாவா இருக்கும்?" என்றார்.

அப்பா சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அம்மாவின் பட்டுப்புடவைத் துண்டு ஒன்றில் அதைச் சுற்றி அலமாரியில் வைத்தார்கள்.

கோலாலம்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. அம்மா துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தண்ணீர்மலைக்குப் போய்ச் சாமியிடம் அதைப் போட்டுவிட்டு, மத்தியானம் புறப்படுவதாக ஏற்பாடு. நான் செபராங் ஜெயாவில் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டும். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா பட்டுத்துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தபோதுதான் எனக்கு அது தோன்றியது.

"மாமாவோடது எங்கப்பா?"

"என்னதும்மா?"

"மாமாவோட கிட்னி. அம்மாவுக்குச் செஞ்சீங்கல்ல. மாமாவுக்குச் செய்யலையா?"

அம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். நான் கேட்டது சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை, சற்று உரக்கவே கேட்டேன். "அம்மா மட்டும் சாமிக்குப் போட்டா, மாமா என்ன போடுவாரு?"

மாமாதான் முதலில் சிரித்தார். "எனக்குத்தான் நெசமானதே கெடைக்கப் போகுதே பாப்பா. வெள்ளி எதுக்கு?"

நான் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தேன். நியாயமான பதிலாகத்தான் பட்டது. ஆனால் அப்பா எழுந்து அம்மாவின் கைப்பையிலிருந்து பட்டுத்துண்டை எடுத்தார். பின்பக்கம் போனார். கேஸ் டார்ச் பற்றிக்கொள்ளும் 'பக்' என்ற சத்தம் கேட்டதும் அம்மா பதறி ஓடினார்.

"ஏங்க, வேணாங்க. புள்ள ஏதோ கேட்டுருச்சு. அவ்வளவு நல்லா வந்துருக்கு."

"வேலைக்குப் போறதுக்குள்ள முடிச்சிருவேன்," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு வேண்டும் என்று விடுப்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்ததால், அன்றைக்கும் அவருக்கு இரவு வேலை இருந்தது. மாமா மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். எங்கள் வீட்டில் இருந்த அத்தனை மாதங்களில் அவர் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. அந்த நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

"விடுங்க மச்சான்," என்றார். "உங்களுக்கு என்மேல கோவம் இருக்கும். இருக்கறது நியாயம்தான். நான் ஒண்ணும் நெனைக்கல."

அப்பா நெருப்பை அணைக்காமல், மாமாவின் பக்கம் திரும்பாமல், "அந்த ஓட்டைக் கொஞ்சம் புடி மாப்ளே. அந்தக் கையில வேணாம், வலது கையில," என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோடி ஓடு. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன உருவங்களை அவசரமாகக் குடைந்திருந்தார் அப்பா. மாமா இடுக்கியால் ஓட்டைப் பிடித்துக்கொள்ள, அப்பா ஊற்றினார். புகை எழுந்தது. மாமாவுக்கு இருமல் வந்தது. ஆனால் கை ஆடவில்லை. கிண்ணத்திலிருந்து வெள்ளி வழுக்கி இறங்குவதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். வரிகள் ஓடிய அந்த அழகான பொருள் இனி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் அவர் என்னைப் போல அழகான பொருள் போய்விட்டதற்காக அழவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிரித்துப் பார்த்தால் இரண்டும் கொட்டைப்பாக்கு அளவே இருந்த, மொக்கையான உருண்டைகள். சிறுநீரகம் என்று சொன்னால்தான் தெரியும். ஓரமெல்லாம் பிசிறு. தேய்த்து வெளுக்க நேரம் இருக்கவில்லை. சாம்பல் நிறத்திலேயே இரண்டையும் அதே பட்டுத்துண்டில் முடிந்து கொடுத்துவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் கேட்ட கேள்வியால்தான் எல்லாம் கெட்டது, அப்பாவுக்கு என்மேல் கோபம், என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வைத்த சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னாராம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் சிறுநீர் கழித்ததற்கு நான் கைகூப்பினேன் என்று அப்பா பிற்பாடு சொல்வார். அம்மா தேறி எழ வெகுநாள் ஆயிற்று. நின்று செய்கிற வேலையை விட்டுவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார். இன்றும் மழைக்காலத்தில் விலாப்புறத்தில் கை வைத்துக்கொண்டுதான் படி ஏறுவார். மாமா செபராங் ஜெயாவுக்கே போய்விட்டார். வேன் ஓட்டுகிறார். காலையும் மாலையும் மணி அடித்தாற்போல மாத்திரை விழுங்குகிறார். கையில் இருந்த பூனை சில வருடங்களுக்குப் பிறகு தானாகவே அடங்கிவிட்டது.

அந்த மாதங்களில் அப்பா யாருக்காக வேண்டிக்கொண்டிருந்தார், யாருக்காக வேண்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், என்னைத் தவிர. பெரியவர்கள் மூவரும் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போன ஒன்றின் மேல் நான்தான் போய் நேராக மோதியிருக்கிறேன்.

வெள்ளியை இரண்டாக வார்த்த அந்த இரவுக்கு மறுநாள் காலை, தொழிற்சாலைச் சட்டையோடே அப்பா தண்ணீர்மலைக்கு வந்தார். மாமாவால் அத்தனை படி ஏற முடியாது. அவரும் நானும் அடிவாரத்தில், நிழல் விழுந்த கடைசிப் படியில் உட்கார்ந்தோம். அப்பாவும் அம்மாவும் ஏறிப் போனார்கள். அம்மாதான் முன்னால் போனார். அப்பா நின்று நின்று போனார். கீழே வந்ததும் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருகிறேன் என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

வெகுநேரம் கழித்து அப்பா மட்டும் முதலில் இறங்கி வந்தார். அம்மா இன்னும் பிரகாரம் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. மாமாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரெண்டையும் நானே போட்டேன் மாப்ளே," என்றார்.

மாமா தலையை ஆட்டினார். அதற்குள் அப்பாவின் தலை சாய ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை நிமிர்ந்தார், மறுபடியும் சாய்ந்தார். பிறகு மாமாவின் தோளில் முகத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி, அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டார். பகலில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. மாமா அசையவே இல்லை. நிழல் விலகி முகத்தில் நேராக வெயில் அடித்தது, அதற்குக்கூட நகரவில்லை. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன். மாமா உதட்டில் விரல் வைத்தார்.

அம்மா இறங்கி வந்தார். பார்த்தார். அவரும் எழுப்பாமல், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு மேல் படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். கோலாலம்பூர் பயணத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாமாவும் அம்மாவும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அன்றைக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு கோபம்தான். ஐஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த அப்பா இப்படித் தூங்கிப் போனாரே, அதை யாரும் தட்டிக் கேட்கவும் மாட்டேன் என்கிறார்களே என்று.